காபி கிரைண்டரைப் பத்திரமாக ஓட்டுவதும் பராமரிப்பதும்: வீட்டுக்கும் சிறு கடைக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஓடுகிற கிரைண்டருக்குள் யாரும் கையை விடுவதில்லை. சத்தமே பயமுறுத்திவிடும். நின்றுபோன கிரைண்டர்தான் ஆளை ஏமாற்றும். கொட்டை சிக்கி மோட்டார் நின்றிருக்கும், சுவிட்ச் மட்டும் ஆனிலேயே இருக்கும். "என்ன ஆச்சு" என்று எட்டிப் பார்த்து, விரலால் அந்தக் கொட்டையை நெம்பி எடுத்த நொடியில் தடை நீங்கி மோட்டார் சுற்ற ஆரம்பித்துவிடும். பாதி அரைக்கும்போது கரண்ட் போனாலும் இதேதான். சுவிட்சை அணைக்க மறந்து உள்ளே கையை வைத்திருக்கும்போது கரண்ட் வந்தால் மெஷின் தன் வேலையைத் தொடரும். இன்னொன்றும் உண்டு. அதிகச் சூட்டில் தானாக நின்ற மோட்டார், ஆறியதும் சில மாடல்களில் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் அப்படி அமைக்கப்பட்டிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கையோ, பிரஷ்ஷோ, ஸ்பூனோ உள்ளே போவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, உங்கள் கண்ணில் படும்படி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டில் இன்னொருவர் வந்து எதற்கோ அந்த சுவிட்சைத் தட்டலாம். பிளக் உங்கள் பக்கத்தில் இருந்தால் யாராலும் அதை ஓட்ட முடியாது.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

நம் வீடுகளில் காபிக் கொட்டை அரைக்கும் சாதனங்கள் மூன்று விதம். முதலாவது கை மெஷின். அந்தக் காலத்தில் மேஜை விளிம்பில் திருகி மாட்டி வைத்த வார்ப்பிரும்பு மெஷின் இந்த வகை. இப்போது கையடக்கமாக உருளை வடிவில் வருவதும் இதேதான். இதில் கரண்ட் கிடையாது, ஆபத்தும் குறைவு. ஆனால் கைப்பிடியைக் கழற்றிவிட்டு டிரில்லிங் மெஷினை மாட்டிச் சுற்றும் பழக்கம் சிலரிடம் பரவியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். ஒரு கொட்டை சிக்கினால் டிரில் நிற்காது, மெஷினைப் பிடித்திருக்கும் மணிக்கட்டுதான் முறுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, பிளேடு வைத்தது. மிக்ஸியின் சின்ன ஜாரும் தனியாக விற்கிற குட்டி காபி கிரைண்டரும் இதில் சேரும். இது கொட்டையை அரைப்பதில்லை, அடித்து உடைக்கிறது. மிக்ஸியின் மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கும் மேல் ஓடக்கூடியது. அதனால்தான் பொடி சூடாகிறது, ஒரே சீராகவும் வருவதில்லை.

மூன்றாவது, பர் கிரைண்டர். பல் வெட்டிய இரண்டு உருக்கு வட்டுகளோ, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் கூம்புகளோ எதிரெதிரே இருக்கும். அவற்றுக்குத்தான் பர் என்று பெயர். ஒன்று அசையாது, மற்றது சுற்றும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பொடியின் பருமனைத் தீர்மானிக்கிறது. காபிப் பொடிக் கடையில் இருக்கும் பெரிய மெஷினும் இதே தத்துவம்தான், மோட்டாரும் பெல்ட்டும் மட்டும் பெரிது. நல்ல ஃபில்டர் காபி வேண்டுமென்றால் பணத்தை இதில் போடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்வேன். எட்டுக் கப் காபிக்கு மேல் தினமும் போடும் வீட்டில் அது வீண் செலவே இல்லை.

வைக்கும் இடமும் கரண்டும்

சிங்க்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் ஒரு கை நீளமாவது தள்ளி, ஆடாத மேடையில் வையுங்கள். டிகாஷன் போடும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடுவது நம் சமையலறைகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த துண்டைத் தொங்கவிட்டுவிடுங்கள். கையைத் துடைப்பது அப்புறம் தானாகப் பழகிவிடும்.

மூன்று பின் உள்ள பிளக் என்றால் மூன்றாவது துளையில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. வெளிப்பக்கம் உலோகமாக உள்ள கிரைண்டருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருந்தால் நல்லது. மெஷினைத் தொடும்போது லேசாகச் சுரீரென்று உணர்ந்தால் "அது எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே பிளக்கைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வோல்டேஜ் குறைவாக இருக்கும் நேரத்தில் அரைக்காதீர்கள். மோட்டாருக்கு 230 வோல்ட் வேண்டும். அது ரொம்பவும் குறைந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமும், அந்த உறுமலிலேயே மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) சூடேறிக் கருகும். டியூப்லைட் மினுக்கினால் கொஞ்சம் காத்திருங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் கிரைண்டரை ஓட்டினாலும் இதே நிலைதான் வரும்.

மிக்ஸி வாங்கும்போது ஐ.எஸ். 4250 என்ற இந்தியத் தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மிக்ஸிகளுக்கான தர நிர்ணயம் அது.

கொட்டையைத் தயார் செய்வது

இந்த வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிரைண்டரின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு நிகரான வேலை வேறில்லை.

காபிப் பழத்தைப் பறித்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, சாக்கில் கட்டி, வறுத்து நம்மிடம் வருவதற்குள் கொட்டையோடு சிறு கல், கம்பித் துண்டு, சாக்கு நூல் எல்லாம் சேர்ந்து வர வாய்ப்பு இருக்கிறது. முன்பெல்லாம் அரிசியில் கல் பொறுக்குவார்களே, அதேபோல் முறத்திலோ தட்டிலோ பரப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹாப்பரில் (கொட்டையைக் கொட்டும் மேல் தொட்டி) போடுங்கள். வறுத்த கொட்டை லேசானது, கையால் அழுத்தினால் நொறுங்கும். கல் கனமாக இருக்கும், புடைக்கும்போது தனியாகத் தெரியும். ஒரு சின்ன காந்தத்தைக் கொட்டையின் மேல் இழுத்தால் இரும்புத் துண்டு ஒட்டிக்கொள்ளும். பீங்கான் பர் உள்ள கை மெஷினுக்கு இது இன்னும் முக்கியம். உருக்கு பர் கல்லில் மழுங்கும். பீங்கான் சில்லாக உடைந்து பொடியோடு கலந்துவிடும், அது வயிற்றுக்குள் போகிற பொருள்.

பச்சைக் கொட்டையை ஒருபோதும் கிரைண்டரில் போடாதீர்கள். வறுக்காத காபிக் கொட்டை கல் மாதிரி கடினம், வீட்டு மோட்டார் தாங்காது. வறுத்த கையோடு சூடாகவும் போட வேண்டாம். குறைந்தது ஒரு ராத்திரி ஆறட்டும். புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது ஓரளவு அடங்கிய பிறகு அரைத்தால்தான் டிகாஷனும் ஒழுங்காக இறங்கும்.

மிகவும் கருக வறுத்து எண்ணெய் மினுமினுக்கும் கொட்டையை வாங்கினால் சுத்தம் செய்யும் வேலை இரட்டிப்பாகும் என்று தெரிந்தே வாங்குங்கள். அந்த எண்ணெய் ஹாப்பரின் சுவரில் ஒட்டும், பர் பல்லிடுக்கில் பொடியோடு சேர்ந்து பசையாக இறுகும். நடுத்தர வறுவலில் வாங்கும் பிளான்டேஷன் ஏ, பீபெரி வகைகளில் இந்தத் தொல்லை குறைவு.

சிக்கரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அப்படியென்றால் மீதி 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். இவ்வளவு சிக்கரியைக் கொட்டையோடு சேர்த்து வீட்டு பர் கிரைண்டரில் போட்டால் அது தாங்காது. வறுத்த சிக்கரி காற்றில் உள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். அரைக்கும் சூட்டில் இளகி, பொடி விழும் வாயில் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காபியை மட்டும் அரைத்து எடுத்து, சிக்கரியைப் பொடியாகவே வாங்கி, அப்புறம் ஒரு காய்ந்த பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள். மிளகு, தனியா, சீரகம் எதையும் காபி கிரைண்டரில் அரைக்கக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்துவிடுங்கள். அந்த வாசனை பல மாதம் போகாது.

பர் கிரைண்டரில் அரைப்பது, படிப்படியாக

1. பிளக்கைச் செருகும் முன் மெஷினின் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹாப்பர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, பொடி விழும் டப்பா அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. அன்றைக்கு வேண்டிய கொட்டையை மட்டும் அளந்து வையுங்கள். ஹாப்பரை நிரப்பி வைத்தால் கொட்டை காற்றில் கிடந்து வாசனை போகும், எண்ணெயும் படியும்.

3. கொட்டையின் மேல் ஓரிரண்டு துளி தண்ணீர் தெளித்துக் கிளறிவிடலாம். அரைக்கும்போது உரசலில் உண்டாகும் நிலைமின்சாரத்தால் பொடி டப்பாவின் சுவரெல்லாம் ஒட்டிப் பறக்குமே, அது குறையும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிமலைச் சாம்பலில் மின்னேற்றத்தை ஆராய்ந்த ஒருவரோடு சேர்ந்து இதை அளந்து 2023-இல் வெளியிட்டார்கள். கொட்டையில் ஈரம் கூடினால் மின்னேற்றம் குறைகிறது என்பதே முடிவு. துளி என்றால் துளிதான். ஸ்பூனில் ஊற்றினால் பர் துருப்பிடிக்கும்.

4. முதலில் மோட்டாரை ஓடவிட்டு, அப்புறம் கொட்டையைப் போடுங்கள். ஹாப்பரின் கீழே தடுப்புத் தகடு இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். பர் நிறையக் கொட்டையை வைத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிட்டால் முதல் சுற்றுக்கே அது திணறும். சிறிய மெஷின்களுக்கு இந்த வரிசை ரொம்பவே முக்கியம்.

5. பொடியை இன்னும் நைஸாக்க வேண்டுமானால் மெஷின் ஓடும்போதுதான் பர் இடைவெளியை மாற்றும் திருகியைத் திருப்ப வேண்டும். நின்றிருக்கும்போது நெருக்கினால் நடுவில் மாட்டியிருக்கும் கொட்டைத் துண்டுகள் பர்களை அழுத்தும், திருகியின் மரை கெடும். கொரகொரப்பாக்குவதை நின்றிருக்கும்போதும் செய்யலாம்.

6. கொட்டை தீர்ந்ததும் சத்தம் மாறும், கனத்த சத்தம் போய் காலியாகச் சுற்றும் ஓசை வரும். அதற்குப் பிறகு சில நொடிகள் ஓடவிட்டு, உள்ளே தங்கிய பொடி வெளியே வந்ததும் அணையுங்கள். காலியாக நெடுநேரம் ஓடவிடாதீர்கள்.

7. பிளக்கைக் கழற்றிய பிறகே டப்பாவை எடுத்து, வாய்ப்பகுதியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

எந்த அளவுக்கு அரைப்பது என்பதை மெஷினில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது, ஒவ்வொரு மெஷினுக்கும் அது வேறு. விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நம் ஃபில்டருக்குத் தூள் உப்பைவிடக் கொஞ்சம் நைஸாக, மைதாவைவிட நன்றாகக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஃபில்டரே சொல்லிவிடும். கொதித்த தண்ணீர் ஊற்றி கால் மணி, இருபது நிமிடத்தில் டிகாஷன் இறங்கி முடிந்தால் சரி. ஐந்தே நிமிடத்தில் வெளுத்துப்போய் இறங்கினால் ஒரு கிளிக் நைஸாக்குங்கள். அரை மணி கழித்தும் மேல்தட்டில் தண்ணீர் நின்றால் ஒரு கிளிக் பெரிதாக்குங்கள். சிக்கரி சேர்ப்பவர்கள் கொஞ்சம் கொரகொரப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது. சிக்கரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தை மெதுவாக்கும்.

அளவை மாற்றிய பிறகு முதலில் வரும் ஒரு ஸ்பூன் பொடி பழைய அளவில் உள்ளே தங்கியிருந்ததுதான். அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கிளிக் என்று மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியும்.

சிக்கிக்கொண்டால்

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

உடனே சுவிட்சை அணையுங்கள். ஐந்து நொடிக்கு மேல் உறும விட்டால் காயில் கருகும். பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் ஹாப்பரில் மீந்த கொட்டையை வெளியே எடுங்கள். சிறிய மெஷின் என்றால் அப்படியே கவிழ்த்துக் கொட்டலாம். இப்போது திருகியைக் கொரகொரப்புப் பக்கமாக நன்றாகத் தளர்த்துங்கள். பர்களின் இடைவெளி கூடினால் சிக்கிய துண்டு பெரும்பாலும் தானே விழுந்துவிடும்.

விழவில்லையென்றால் மேல் பர்ரைக் கழற்றுங்கள். வீட்டு மாடல்களில் இது கையாலேயே கழன்று வரும்படி இருக்கும். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ துண்டுகளைத் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினால் பல் முனை உடையும், வழுக்கினால் உள்ளங்கையில் ஏறும். பர் பல் கத்தியைப்போல் கூர்மையானது என்பதைப் புது பர் மாற்றும்போதுதான் பலரும் உணர்கிறார்கள். கெட்டியான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கையுறை பிளக் கழற்றிய மெஷினுக்கு மட்டும்தான். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் அதைப் போட்டிருக்கக் கூடாது, நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

சிக்கியது என்ன என்று கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள். கல்லா, இறுகிய பொடியா, கொட்டையா? கல் என்றால் மீதிக் கொட்டை முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும். இறுகிய பொடி என்றால் சுத்தம் செய்து ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம். நல்ல கொட்டையே சிக்கியிருந்தால் அளவு அளவுக்கு மீறி நைஸாக இருந்திருக்கும், அல்லது வோல்டேஜ் போதாமல் இருந்திருக்கும்.

மறுபடி மாட்டி, கொரகொரப்பு அளவிலேயே காலியாக ஒரு முறை ஓடவிட்டு, சத்தம் சரியாக இருந்தால் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு

தனியாக ஒரு சின்ன ஜாரைக் காபிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஈரம் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. பாதி ஜாருக்கு மேல் கொட்டை போடாதீர்கள். தொடர்ந்து ஓடவிடாமல், மூன்று நான்கு நொடி விட்டுவிட்டு ஓடவிட்டு, நடுநடுவே அணைத்து, ஜாரைக் கழற்றிக் குலுக்கி மறுபடி வையுங்கள். மொத்தமாக அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓடினால் பொடி சூடாகி, வாசனை ஜாரிலேயே போய்விடும். மூடியைத் திறந்ததும் சமையலறையெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் டம்ளரில் இருந்திருக்க வேண்டியது.

அணைத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். பிளேடு முழுதாக நிற்கட்டும், பொடியும் அடங்கட்டும். ஜார் மிக்ஸியின் மேல் இருக்கும்போது உள்ளே ஸ்பூன் போகவே கூடாது. ஓரத்தில் ஒட்டிய பொடியைக் கீழே இறங்கிய ஜாரில்தான் வழிக்க வேண்டும். மூடியில் உள்ள லாக் கெட்டுப்போய், கையால் அழுத்திப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? மூடியை மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால் அடியில் உள்ள ஓவர்லோடு பட்டன் விழுந்திருக்கும். பிளக்கைக் கழற்றி, கொட்டையைப் பாதியாகக் குறைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, அதை அழுத்துங்கள். திரும்பத் திரும்ப விழுந்தால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். மோட்டார் ஏதோ சொல்ல வருகிறது.

மிக்ஸிப் பொடியில் மாவும் ரவையும் கலந்தே வரும். நைஸான சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மறுபடி ஒரு சுற்று விட்டால் ஓரளவு சீராகும். ஜாரைக் கழுவும்போது பிளேடுக்குக் கீழே விரலை நுழைத்துத் தேய்க்காதீர்கள். பாட்டில் கழுவும் பிரஷ் போதும். ஜாரின் அடியில் உள்ள கப்ளர் தேய்ந்து பல் போயிருந்தாலும், பிளேடு ஆடினாலும், பிளேடைத் தாங்கும் புஷ்ஷிலிருந்து கறுப்பாக ஏதாவது கசிந்தாலும் அந்த ஜாரில் அரைப்பதை நிறுத்துங்கள்.

சுத்தம் செய்வது

காபிக் கொட்டையில் எண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் பர்ரிலும் பொடி வரும் பாதையிலும் படிந்து, நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். நல்ல கொட்டை வாங்கியும் காபி ஒரு மாதிரி இருக்கிறது என்பவர்கள் ஹாப்பருக்குள் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கட்டும். பழைய எண்ணெய்ப் பாத்திரத்தின் நாற்றம் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

தினமும் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. பிளக்கைக் கழற்றி, பொடி விழும் வாயைப் பிரஷ்ஷால் தட்டி, மேடையில் சிந்தியதைத் துடைப்பது. வாரம் ஒருமுறை ஹாப்பரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். காய்ந்ததைக் கையால் தொட்டு உறுதி செய்த பிறகே மாட்டுங்கள்.

மாதம் ஒருமுறை, தினமும் நிறைய அரைப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பர்ரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பிளக்கைக் கழற்றியாயிற்றா? சரி. திருகி இப்போது எந்த எண்ணில் இருக்கிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பகுதியையும் அதன் இடத்தில் படம் எடுத்துவிட்டே கழற்றுங்கள். மறுபடி மாட்டும்போது எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது. மேல் பர்ரைத் தளர்த்தி எடுங்கள். நடுவில் நட் இருந்தால், சில மாடல்களில் அது இடது மரை. வழக்கமாகத் தளர்த்தும் பக்கம் திருப்பினால் இறுகும். பலத்தைக் காட்டும் முன் கையேட்டைப் பாருங்கள்.

கெட்டி முள் உள்ள காய்ந்த பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் தேயுங்கள். இறுகிய பசையைப் பல்குத்தியால் நெம்புங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் உள்ளே கிடக்கும் பொடியை உறிஞ்சி எடுத்துவிடலாம். வாயால் ஊதாதீர்கள், பொடி கண்ணில் பாயும், எச்சில் ஈரமும் படும். உருக்கு பர்ரைத் தண்ணீரில் கழுவவே கூடாது, ஒரே ராத்திரியில் துரு ஏறும். பீங்கான் பர்ரைக் கழுவலாம், நன்றாகக் காயவைக்க வேண்டும்.

அரிசி போட்டு அரைத்தால் சுத்தமாகிவிடும் என்று ஒரு யோசனை எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம். வறுத்த காபிக் கொட்டையைவிட அரிசி கடினமானது. சிறிய மோட்டார் அதில் திணறி நிற்கும். அரிசி மாவு எண்ணெயோடு சேர்ந்து மூலைகளில் களியாக ஒட்டிக்கொள்ளும். பல தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே இதைத் தடுத்திருக்கிறார்கள். கிரைண்டருக்கென்றே தானிய மாவில் செய்த சுத்திகரிப்பு மாத்திரைகள் கிடைக்கின்றன. அவற்றை அரைத்துவிட்டு, பின்னாலேயே ஒரு கைப்பிடி மலிவான கொட்டையை அரைத்துக் கொட்டிவிட்டால் போதும். மாத்திரை பர்ரைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கு ஈடாகாது, இரண்டு சுத்தத்துக்கு நடுவே உதவும்.

மறுபடி மாட்டும்போது பர் உட்காரும் மேடையைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பர்ருக்கு அடியில் துளி பொடி இருந்தாலும் அது லேசாகச் சாய்ந்து உட்காரும். அப்புறம் ஒரு பக்கம் மாவும் இன்னொரு பக்கம் ரவையுமாக வரும், எவ்வளவு திருகினாலும் சீராகாது. பல ஸ்க்ரூ உள்ள பர் என்றால் ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். மாட்டியதும் கொரகொரப்பு அளவில், கொட்டை இல்லாமல் ஓடவிட்டு, மெதுவாக நைஸ் பக்கம் திருப்புங்கள். ஒரு இடத்தில் கிறீச்சென்று உலோகம் உரசும் சத்தம் கேட்கும். அதுதான் பர்கள் தொடும் இடம். உடனே ஒன்றிரண்டு கிளிக் பின்னால் வந்துவிடுங்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், இனி ஒருபோதும் அதைத் தாண்ட மாட்டீர்கள்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சுத்தத்துக்கும் அடுத்த சுத்தத்துக்கும் நடுவே விடும் நாட்களைப் பாதியாகக் குறையுங்கள். காற்றின் ஈரத்தில் உள்ளே தங்கிய பொடி இரண்டே நாளில் கட்டி தட்டிவிடும். அந்த மாதங்களில் அரைத்ததும் வாய்ப்பகுதியைத் தட்டிக் காலியாக்காமல் விடவே கூடாது.

பர் தேய்ந்ததா?

உருக்கு பர் சில நூறு கிலோ கொட்டை வரை தாங்கும். வீட்டில் அது பல வருஷம். கடையில் சில மாதங்களிலேயே தீர்ந்துவிடலாம். நாள் கணக்கைவிட அறிகுறிகளை நம்புங்கள். அதே அளவு கொட்டைக்கு முன்பைவிட அதிக நேரம் ஆகும். பொடி சூடாக வரும். திருகியை மேலும் மேலும் நைஸ் பக்கம் நகர்த்த வேண்டியிருக்கும். பல் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கூர் மழுங்கி, விளிம்பில் மெல்லிய வெள்ளிக் கோடு மினுங்கும். பர் மாற்றினால் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். புதியது வந்ததும் முதல் ஒன்றிரண்டு கைப்பிடி பொடியைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கடையில் பெரிய மெஷின் ஓட்டுபவர்களுக்கு

வீட்டு மெஷின் விரலைக் கடிக்கும், கடை மெஷின் கையையே இழுக்கும். பெல்ட்டும் புல்லியும் கம்பி வலைக் கார்டுக்குள் (பாதுகாப்பு மூடி) இருக்க வேண்டும். "அடிக்கடி பெல்ட் மாற்ற வேண்டியிருக்கு" என்று கார்டைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருக்கும் கடைகளைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. முந்தானை, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, வளையல், கையில் கட்டிய கயிறு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பின்னாத கூந்தல், எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மடித்துக் கட்டிய வேட்டியின் நுனியும் இதில் சேர்த்திதான். வேலைக்கு ஆள் எடுத்தால் முதல் நாளே, மெஷினைத் தொடுவதற்கு முன், அணைக்கும் சுவிட்ச் எங்கே என்று காட்டிவிடுங்கள். அது எட்டும் தூரத்தில் சிவப்பாகத் தனியே இருக்கட்டும். சிறுவர்களை ஹாப்பர் பக்கம் விடவே கூடாது.

ஓடவிடும்போது காலியாக ஓடவிட்டுத் தடுப்பைத் திறங்கள். நிறுத்தும்போது தடுப்பை மூடி, உள்ளிருப்பது தீர்ந்த பின் அணையுங்கள். நடுவில் கரண்ட் போனால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. கரண்ட் திரும்பியதும் தானே ஓடாமல் தடுக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி கிடைக்கிறது. மோட்டார் கடைகளில் கேட்டால் பொருத்தித் தருவார்கள். கடை மெஷினுக்கு அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

நாள் முழுக்க அரைப்பவர்கள் தூசியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். காபித் தூசி சிலருக்கு ஆஸ்துமா, தும்மல், கண் எரிச்சலைக் கிளப்பும். அதைவிடப் பெரிய கவலையும் உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013-இல், டெக்சாஸ் மாநிலக் காபி ஆலை ஒன்றில் சுவையூட்டிய காபியைக் கையாண்டவர்களுக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் அடைபடும் நோய் வந்ததைப் பதிவு செய்தது. சுவையூட்டிகளில் இருந்த டை அசிட்டைல் என்ற வேதிப்பொருள் மேல் சந்தேகம் விழுந்தது. அந்த டை அசிட்டைல் வறுக்கும்போது இயற்கையாகவும் உண்டாகிறது, அரைக்கும்போது காற்றில் கூடுதலாகக் கலக்கிறது. புதிதாக வறுத்து அரைத்த காபியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வெளியேறும். எப்போதாவது வீட்டில் அரைப்பவர் இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க அரைப்பவர் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட வேண்டும். பெரிய பீப்பாயில் கொட்டிவைத்த புதுப் பொடிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மூச்சு இரைப்போ, விடாத வறட்டு இருமலோ வந்தால் டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அருகில் இருப்பவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்ற அளவுக்கு மெஷின் சத்தம் போட்டால், காதடைப்பான் (இயர் பிளக்) தேவை.

மோட்டாரின் மேலும் சுவிட்ச் போர்டின் மேலும் படியும் தூசியைத் தினமும் துடைத்துவிடுங்கள். காபித் தூசி எரியக்கூடியது. வறுக்கும் இடமும் அரைக்கும் இடமும் ஒரே அறையில் இருந்தால், வறுத்த கொட்டையில் கங்கு ஒன்றும் ஒட்டி வரவில்லை என்று பார்த்த பிறகே ஹாப்பரில் கொட்ட வேண்டும்.

எதை நீங்களே செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்

பர் மாற்றுவது, கப்ளர் மாற்றுவது, ஹாப்பர் மூடி வாங்கிப் போடுவது எல்லாம் பிளக்கைக் கழற்றிவிட்டு நீங்களே செய்யக்கூடியவை. மோட்டார்ப் பக்கத்து மூடியைத் திறக்காதீர்கள். கனமான கிரைண்டர்களில் உள்ள கெப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். கருகிய வாடை, மிக்ஸியின் காற்று இடுக்கு வழியாகப் பளிச்சிடும் பெரிய தீப்பொறி, வயர் பிளக்கோடு சேரும் இடத்தில் சூடு, ஓடும்போது டகடகவென்று புது ஆட்டம் எது வந்தாலும் அன்றே நிறுத்துங்கள். மிக்ஸியில் பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், சின்ன வேலைதான். வயரில் மேலுறை விரிந்திருந்தால் டேப் சுற்றி ஓட்டாமல் முழு வயரையும் மாற்றச் சொல்லுங்கள். சரிசெய்து திரும்பி வந்ததும் மெக்கானிக் முன்னாலேயே டெஸ்டரை மெஷினின் உலோகப் பகுதியில் வைத்துக் காட்டச் சொல்லி, விளக்கு எரியவில்லை என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.